எந்தக் கடனை முதலில் அடைப்பது?



நம் தோட்டங்களில் சம்பள நாள் மாலை எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வெட்ட வேண்டியதை வெட்டியபின் மிஞ்சிய பணம் கைக்கு வருகிறது. அது காம்பராவுக்குள் நுழையும் முன்பே ஐந்தாறு பேர் அதற்குக் காத்திருக்கிறார்கள். கடைக்காரர் கொப்பியைத் திறந்து வைத்திருக்கிறார். வட்டிக்குக் கொடுத்தவர் பாதையில் நிற்கிறார். குழுக் கடன் வசூலிப்பவர் மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். ஹட்டன் நகரத்து வங்கியில் நகை அடகில் இருக்கிறது. மகளின் படிப்புக்கு எடுத்த கடனைப் பற்றி ஒரு கடிதமும் வந்திருக்கிறது. எல்லாருக்கும் கொடுக்கப் பணம் போதாது. யாருக்கு முதலில் கொடுப்பது?

பல வீடுகளில் இதைத் தீர்மானிப்பவர் தகப்பனும் அல்ல, தாயும் அல்ல. யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவரே தீர்மானிக்கிறார். வாசலில் நின்று அவமானப்படுத்துகிறவருக்கு முதற்பணம் போகிறது. சத்தமில்லாமல் வட்டியை வளர்த்துக்கொண்டிருக்கும் கடன் அப்படியே கிடக்கிறது. இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வது எப்படி என்பதே இவ்வாரப் பாடம்.

கணக்கு யாருடைய கையில்?

கடன் நம் மக்களுக்குப் புதிதன்று. நம் பாட்டனும் பூட்டனும் தமிழ்நாட்டிலிருந்து இந்த மலைகளுக்கு வந்தபோதே கடனோடுதான் வந்தார்கள். கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் அவர்கள் பெயரில் பற்று எழுதப்பட்டன. ஒரு கொழுந்துகூடக் கிள்ளுமுன்பே அவர்கள் கடனாளிகளானார்கள். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் 'துண்டு' என்ற காகிதம் வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆளைப் பெற்றுக்கொள்ளும். கடன் தீரவில்லை, கை மாறியது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இந்தத் துண்டு முறையைத் தடை செய்தது.

அந்த முறையின் பலம் எங்கே இருந்தது? கணக்கு முழுவதும் மற்றவருடைய புத்தகத்தில் இருந்தது. கடன்பட்டவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. இன்று நம் பிள்ளைகள் எழுத வாசிக்கக் கற்றிருக்கிறார்கள். இருந்தும், மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டால் எத்தனை வீடுகளில் உடனே பதில் சொல்ல முடியும்? கணவன் அறியாமல் மனைவி எடுத்த குழுக் கடன், மனைவி அறியாமல் கணவன் வாங்கிய கைமாற்று என்று கணக்கு சிதறிக் கிடக்கிறது.

ஆகவே முதல் வேலை, ஒரு கொப்பி வாங்குவது. ஒவ்வொரு கடனுக்கும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: யாருக்குக் கொடுக்க வேண்டும், இன்னும் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை எந்த நாள், கட்டத் தவறினால் என்ன நடக்கும். சம்பளச் சீட்டில் வெட்டப்படும் பண்டிகை முற்பணத்தையும் சேர்த்து எழுதுங்கள். கையில் வருமுன் போவதால் அது கடன் இல்லை என்றாகாது. கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிக் கொப்பிக்குள் வையுங்கள்.

எந்திரக்கல்லை அடகு வைக்காதீர்கள்

இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. கடனுக்கு ஈடாக ஒருவருடைய மாவரைக்கும் கல்லை எடுக்கலாகாது என்கிறது அது. கல்லை எடுத்தால் வீட்டில் மாவு இல்லை. மாவு இல்லையென்றால் அப்பம் இல்லை. கல்லை எடுப்பது உயிரையே ஈடாக எடுப்பதற்குச் சமம் என்பது அச்சட்டத்தின் கருத்து. கடன் கொடுத்தவருக்குச் சொல்லப்பட்ட இச்சட்டத்தைக் கடன்பட்டவரும் தமக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நம் வீட்டின் எந்திரக்கல் எது? அரிசியும் மாவும், நோயாளியின் மருந்து, வேலைக்குப் போகும் உடல்வலிமை, பிள்ளையின் படிப்பு ஆகியவைதாம். இவற்றுக்கான பணத்தை முதலில் ஒதுக்குங்கள். மிஞ்சுவதே கடனுக்குரியது. தவணை கட்டுவதற்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்திக் கொழும்புக் கடைக்கு அனுப்பும் குடும்பம், ஒரு வருடக் கடனை அந்தப் பிள்ளையின் நாற்பது வருட உழைப்பிலிருந்து அடைக்கிறது. அதைவிட அதிக வட்டியுள்ள கடன் உலகத்தில் இல்லை.

வட்டியை ஒரே கோலால் அளங்கள்

ஒருவர் மாத வட்டி சொல்கிறார். இன்னொருவர் வாரத் தவணை மட்டும் சொல்கிறார். வங்கி வருட வட்டி சொல்கிறது. மூன்றையும் வருட வட்டியாக மாற்றினாலன்றி எது பாரமானது என்று தெரியாது.

மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் வருடத்துக்கு நூற்றுக்கு 120. கேட்கும்போது பத்து என்ற எண் சிறிதாகத் தோன்றுகிறது. பத்து மாதத்தில் வாங்கிய முதலளவு வட்டி கட்டிவிடுகிறோம். முதல் அப்படியே நிற்கிறது.

வாரக் கடனைப் பாருங்கள். 50,000 ரூபா வாங்கி, வாரம் 1,200 ரூபா வீதம் 52 வாரம் கட்டினால் மொத்தம் 62,400 ரூபா. வட்டி 12,400தானே, நூற்றுக்கு 25 கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே நீங்கள் முதலைத் திருப்பிக் கொடுத்து வருகிறீர்கள். 50,000 ரூபா வருடம் முழுவதும் உங்களிடம் இருக்கவில்லை. சரியாகக் கணக்கிட்டால் உண்மையான வருட வட்டி நூற்றுக்கு 45 அளவில் வரும். நாட்டில் இதைவிடக் கொடிய கடன்களும் இருந்திருக்கின்றன. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன்களில் வட்டி நூற்றுக்கு 220 வரை போயிருப்பதாக எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கம் நுண்கடன் நிவாரணமொன்றை அறிவிக்க நேர்ந்தது.

எனவே கையொப்பமிடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "குறைந்துவரும் மீதியின்மேல் வருடத்துக்கு வட்டி எவ்வளவு?" பதில் சொல்ல மறுப்பவரிடம் கடன் வாங்காதீர்கள்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாயும் தகப்பனும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். படித்து முடித்த மகள் வேலைக்குப் போய் வீட்டுக்குக் கொஞ்சம் கொடுக்கிறாள். உணவு, மருந்து, தம்பியின் படிப்பு எல்லாம் போக, கடனுக்கென்று மாதம் 18,000 ரூபா ஒதுக்க முடிகிறது. கடன்கள் இவை:

வட்டிக்காரரிடம் 30,000 ரூபா. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி, அதாவது 3,000 ரூபா.
குழுக் கடன் வாரம் 1,200 ரூபா வீதம் இன்னும் 26 வாரம். மாதத்துக்கு 5,200 ரூபா.
வங்கியில் நகை அடகு 100,000 ரூபா. வருட வட்டி நூற்றுக்கு 15 என்று வைத்தால் மாதம் 1,250 ரூபா.
கடைக் கொப்பியில் 18,000 ரூபா; வட்டி இல்லை; மாதம் 1,000 ரூபா கொடுப்பதாகப் பேச்சு.
மகளின் வட்டியில்லாப் படிப்புக் கடன்; மாதத் தவணை 4,000 ரூபா.

எல்லாருக்கும் கொடுக்க வேண்டிய குறைந்த அளவைக் கூட்டினால் 14,450 ரூபா. மிச்சம் 3,550 ரூபா. இந்த மிச்சத்தை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வட்டிக்காரரின் முதலில் போட்டால் முதல் மாதமே 30,000 ரூபா 26,450 ஆகிறது. அடுத்த மாதம் வட்டி 2,645 ரூபாதான். அவருக்கு மாதந்தோறும் அதே 6,550 ரூபாவைக் கொடுத்துவந்தால், வட்டி குறையக் குறைய முதலில் கழிவது கூடுகிறது. ஆறு மாத முடிவில் 2,600 ரூபா அளவே மீதி. ஏழாம் மாதத்தில் கணக்கு மூடப்படுகிறது. அதற்குள் குழுக் கடனின் 26 வாரமும் முடிந்துவிடும். இரண்டு பாரம் ஒன்றாக இறங்குகிறது. பின்பு அந்தப் பணம் முழுவதையும் நகையின் பக்கம் திருப்பினால், பதினைந்தாம் மாதத்தில் நகை வீடு வந்து சேரும்.

இனி மறுபக்கம். வங்கிக் கடிதத்துக்குப் பயந்து அந்த 3,550 ரூபாவையும் படிப்புக் கடனிலேயே கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் அதில் 21,300 ரூபா அதிகமாகக் குறைந்திருக்கும். ஆனால் வட்டியில் ஒரு சதமும் மிச்சமாகாது. வட்டிக்காரருக்கோ ஆறு மாதத்தில் 18,000 ரூபா வட்டி போயிருக்கும். முதல் 30,000 ரூபா அப்படியே இருக்கும்.

ஆக, ஒழுங்கு இதுதான். எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணையைத் தவறாமல் கொடுங்கள். மிஞ்சும் பணம் முழுவதையும் அதிக வட்டியுள்ள ஒரே கடனில் போடுங்கள். அது தீர்ந்ததும் அடுத்த அதிக வட்டிக்குப் போங்கள். சிறிய கடனை முதலில் முடித்தால் மனத்துக்குத் தெம்பு வரும் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. இரண்டு கடனின் வட்டியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சிறியதை முதலில் முடியுங்கள். வட்டி வெகுவாக வேறுபட்டால் வட்டியையே பாருங்கள்.

குழுக் கடனில் ஒரு விஷயம். மொத்த வட்டியையும் முன்கூட்டியே சேர்த்துத் தவணை போட்டிருந்தால், முந்திக் கட்டுவதால் ஒன்றும் குறையாமலும் போகலாம். முந்திக் கட்டினால் வட்டி குறையுமா என்று கேட்டறிந்த பின்பே மிச்சப் பணத்தை அதில் போடுங்கள். ஆனால் தவணையைத் தவறவிடாதீர்கள். நீங்கள் கட்டாத பணத்தைக் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்ட நேரும். அவர்களும் உங்களைப் போலக் கொழுந்து கிள்ளி வாழ்கிறவர்கள். ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுக் கடன் எடுப்பது பழைய துண்டு முறையேதான். கடன் கை மாறுகிறது, தீருவதில்லை.

படிப்புக் கடன்

படிப்புக்கு வரும் பணம் எல்லாம் ஒரே வகையன்று. அரச பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைக்கும் மஹாபொல 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நிதியத்தின் புலமைப்பரிசில். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதுவும் கடனோ என்று அஞ்சும் பெற்றோர் அஞ்ச வேண்டாம்.

உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்களுக்காக 2017இல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட அரசு சாராப் பட்டப் படிப்புகளுக்கான கடன் அது. வட்டியை அரசாங்கம் ஏற்கிறது. படிப்பு முடிந்து ஒரு கால அவகாசத்தின் பின்பே மாணவர் முதலைத் திருப்பிக் கட்டத் தொடங்குகிறார். இத்தகைய கடனை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். தவணையை மட்டும் ஒழுங்காகக் கட்டுங்கள்.

மூன்றாவது வகை, வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ வட்டிக்கு எடுத்த கல்விக் கடன். பெயர் கல்விக் கடனாக இருந்தாலும் அதற்கு வட்டி ஓடுகிறது. அதன் இடத்தை வட்டியே தீர்மானிக்கும். வட்டிக்காரருக்குப் பின்னும் நகை அடகுக்கு முன்னும் அது வரக்கூடும்.

எந்த வகையானாலும் கடிதத்தை ஒளித்து வைக்காதீர்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்திருந்தால் வாசிக்கத் தெரிந்த ஆசிரியரிடம் கொண்டு போங்கள். கட்ட முடியாத மாதம் வருமானால் தவணை நாளுக்கு முன்பே வங்கிக்குப் போய், தவணையை மாற்றி அமைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். கட்டாமல் விட்ட கடன் கடன் தகவல் பணியகத்தில் பதிவாகும்; பிறகு வீடு கட்டக் கடன் கேட்கும்போது அது தடையாகும். பிணை வைத்த மாமாவுக்கோ ஆசிரியருக்கோ சங்கடம் வரும். நம்பிக் கையொப்பமிட்டவரைத் தலைகுனிய வைப்பது, அடுத்த பிள்ளைக்குப் பிணை நிற்க ஒருவரும் இல்லாமற் செய்வதாகும்.

நகையும் சேமலாப நிதியும்

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இடையில் 2022இல் விலைகள் ஏறிய விதத்தை யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் நூற்றுக்கு 70ஐத் தாண்டியது. அக்காலத்தில் அடகுக்குப் போன தாலிக்கொடிகள் பல. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் தூண்டுதலால் ஏழைகளுக்கென அடகு நிலையம் தோன்றியதே கொடுவட்டியிலிருந்து அவர்களைக் காக்கத்தான். 1515இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் அத்தகைய நிலையங்களை ஏற்றுக்கொண்டது.

நூற்றுக்கு 120 வட்டியுள்ள கடனை மூடுவதற்காக வங்கியில் நகையை வைப்பது புத்தியான காரியமாக இருக்கலாம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. வட்டிக்காரரின் கணக்கு அன்றே முழுதாக மூடப்பட்டு, எழுதிக் கொடுத்த பத்திரம் திரும்பி வர வேண்டும். அடகு மீட்கும் கடைசி நாளைக் கொப்பியில் பெரிதாக எழுத வேண்டும். அந்த நாளுக்கு முன் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

ஊழியர் சேமலாப நிதி வேறு. மாதந்தோறும் தொழிலாளியின் நூற்றுக்கு 8உம் தோட்டத்தின் நூற்றுக்கு 12உம் சேர்ந்து உருவாகும் பணம் அது, முதுமையின் எந்திரக்கல். ஓய்வுபெற்ற தகப்பனின் நிதி வந்தவுடன் பிள்ளைகளின் கடன்களெல்லாம் அதன்மேல் பாய்வது நியாயமன்று.

சத்தமில்லாத கடன்காரர்

வட்டியை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் ஓர் ஆபத்து உண்டு. மகனின் காய்ச்சலுக்குப் பக்கத்துக் காம்பராக்காரர் வட்டி கேளாமல் கொடுத்த 5,000 ரூபா எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படும். கொடியவருக்கு முதலிடம், நல்லவருக்குக் கடைசியிடம் என்றாகிவிடும். வாங்கியதைத் திருப்பாமல் வைத்திருப்பது ஏழாம் கற்பனையைத் தொடுகிற விஷயம். அவர் வாய் திறந்து கேட்கவில்லை என்பதால் அந்தக் கடமை குறைவதில்லை.

இதற்கு வழி உண்டு. அவரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள்: "அண்ணே, வட்டிக் கடனை முதலில் முடிக்கிறோம். ஏழு மாதம் பொறுங்கள். அதுவரை மாதம் 300 ரூபா தருகிறோம்." சொன்ன 300 ரூபாவைத் தவறாமல் கொடுங்கள். அவர் வீட்டிலே சாவோ நோயோ வந்தால் வரிசையை மாற்றி அவருக்கு முதலில் கொடுங்கள். கடைக்காரருக்கும் இதே முறைதான். வேலை குறைந்த மாதத்தில் அரிசி தருவது அவருடைய கொப்பிதான். அது மூடப்பட்டால் வட்டிக்காரரின் வாசலுக்கே மறுபடியும் போக வேண்டிவரும்.

இந்த ஒழுங்கு பலிக்க இன்னுமொன்று அவசியம். பழைய கடன் தீரும்வரை புதிய கடன் வேண்டாம். தவணைக்கு எடுக்கும் கைத்தொலைபேசி, கடன் வாங்கிச் செய்யும் சாமத்தியச் சடங்கு, சாராயக் கடைப் பற்று ஆகியவை மேலே சொன்ன 3,550 ரூபாவை ஒரே மாதத்தில் விழுங்கிவிடும்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியதும், தாயும் தகப்பனும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாக உட்காருங்கள். யாரும் யாரையும் குற்றஞ்சாட்ட வேண்டாம். கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்குங்கள். எழுதி முடித்தபின் மொத்தத்தைப் பார்த்து மனம் கலங்கலாம். ஆனால் அன்றிரவே அந்தக் கணக்கு உங்கள் கைக்கு வந்துவிட்டது.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் கடன்களில் வருட வட்டி மிக அதிகமானது எது? அதற்குச் சென்ற ஆறு மாதத்தில் வட்டியாக மட்டும் எவ்வளவு கொடுத்தோம்?
2. வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வைத்திருக்கும் கடன் உண்டா? அதை அச்சமின்றிச் சொல்ல நாம் இடம் கொடுக்கிறோமா?
3. நம் வீட்டின் எந்திரக்கல் எது? கடனுக்காக அதைத் தொட்டிருக்கிறோமா?
4. நம்மிடம் கேட்காமல் பொறுத்திருப்பவர் யார்? அவரிடம் இந்த வாரம் என்ன சொல்லப் போகிறோம்?